தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்தவை

பிப்ரவரி 3, திங்கள்

இன்றிலிருந்து எழுதி வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் ஹோட்டலில் சாம்பாருக்குள் ஒரு ரப்பர் பேண்ட் கிடந்தது. சிவப்பு ரப்பர் பேண்ட். கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்காமலே அரிந்து போட்டிருக்கிறான் மகராசன். தக்காளித் தோல் என்று நினைத்து மென்றும் பார்த்துவிட்டேன். எடுத்துத் துடைத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டு மோர்ச்சோறு வரைக்கும் சாப்பிட்டு எழுந்தேன்.

வீட்டில் சமைக்க ஆள் இல்லாத மனுஷன் என்ன பாடு படுகிறான் என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சி வேண்டும். தையல்நாயகி தஞ்சாவூருக்குப் போய் இன்றோடு ஐந்து மாதம். மகள் இளவரசிக்குத் தலைப்பிரசவம், கூட இருக்கப் போனாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே பார்ப்பார்கள், நீங்கள் ஏன் தாயை அங்கே அனுப்பினீர்கள் என்று தெருவில் நாலு பேர் கேட்டாயிற்று. தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, மாப்பிள்ளை சுதாகருக்குத் தாயும் இல்லை, அதனால்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பேரன் பிறந்து நாலு மாதம். குப்புற விழுகிறானாம். இவள்தான் இன்னும் திரும்பி வரக் காணோம்.

ஒரு மாதம் எழுதிச் சேர்த்து அவளுக்கு அனுப்பப் போகிறேன். படித்தால் மனசு இளகாதா என்ன?

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை: பொங்கலில் கல், இரண்டு. ஒன்று மிளகு அளவு. மத்தியானம்: கூட்டில் சணல் நூல், ஒரு விரற்கடை.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும். பந்தலடிப் பக்கம் ஒரு கடையில் புரோட்டா. சால்னாவில் கருப்பாக ஒரு கால். முள்முள்ளாக இருந்தது. பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, “தம்பி, இது என்ன?” என்று மெதுவாகத்தான் கேட்டேன். குனிந்து பார்த்தான். “கருவேப்பிலைக் காம்பு சார்” என்றான். முகத்தில் ஒரு அசைவு இல்லை.

யாரிடம் சொல்கிறான்! நெல் கொள்முதல் நிலையத்தில் முப்பத்து மூன்று வருடம் தரம் பார்த்தவன் நான். மூட்டைக்குள் குத்தூசியை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து, வெள்ளைத் தட்டில் பரப்பி, கல் எத்தனை, மண் எத்தனை, பதர் எத்தனை, கருக்காய் எத்தனை என்று பிரித்து வைப்பேன். வேதரத்தினம் ஒரு தடவை கையை விட்டு அளைந்தால் போதும், மூட்டையின் ஜாதகமே தெரிந்துவிடும் என்று விவசாயிகள் பயப்படுவார்கள். எனக்குக் கரப்பான் காலும் கருவேப்பிலைக் காம்பும் வித்தியாசம் தெரியாதா?

ஆனாலும் நான் ஒன்றும் பேசவில்லை. “அப்படியா, சரி” என்றேன். நாலு பேர் சாப்பிடுகிற இடத்தில் சத்தம் போடுவது மரியாதை இல்லை. நான் எப்போதுமே வெளியிடத்தில் கௌரவமாக நடந்துகொள்கிறவன். தொட்டுக்கொள்ளாமல் புரோட்டாவை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தஞ்சாவூருக்கு போன் செய்தேன். மூன்று தடவை. மூன்று தடவையும் இளவரசிதான் எடுத்தாள். “அம்மா குளிக்கிறாங்கப்பா.” ஒன்பது மணிக்கும் குளிக்கிறாள், பத்தரைக்கும் குளிக்கிறாள், பன்னிரண்டுக்கும் குளிக்கிறாள். காவேரியே அங்கேதான் ஓடுகிறதோ என்னவோ.

சரி என்று மகளுக்காவது தெரியட்டும் என இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். ரப்பர் பேண்ட், கல், நூல், கரப்பான் கால் எல்லாம். அச்சச்சோ என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“அப்பா, அந்த ஹோட்டல்காரங்களை நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்ன சொல்றது? ஒண்ணும் சொல்லல. ஓரமா எடுத்து வச்சுட்டுச் சாப்பிட்டேன்.”

“கரப்பான் காலுக்குமா?”

“ஆமா. அவன்கிட்டப் போயி என்னத்தப் பேசுறது?”

“சரிப்பா, புள்ள அழுவுது, வைக்கிறேன்” என்றாள். பிள்ளை அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இவளுக்கு என்ன கோபம் என்றும் புரியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

வேட்டி இரண்டு துவைத்தேன். நீலம் அதிகமாகிவிட்டது.

பிப்ரவரி 12, புதன்

நானே சமைத்துப் பார்த்தேன். சோறு குழைந்து, அடி பிடித்து, அதற்குள் வேகாத அரிசியும் இருந்தது. மூன்றும் ஒரே பானையில் எப்படி நடந்தது என்று தெரியவில்லை. கொண்டுபோய்த் தெருவில் நின்ற மாட்டுக்கு வைத்தேன். அது முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

அவள் வாழைப்பூ ஆய்வதை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பூவாக விரித்து, நடுவில் இருக்கும் கள்ளனைக் கிள்ளி எடுத்து, மோரில் போடுவாள். மத்தியானம் முழுக்க அதே வேலையாக உட்கார்ந்திருப்பாள். விரல் நுனியெல்லாம் கறுத்துப் போகும். பொரியலில் இரண்டு பிடி தேங்காய்ப்பூ. ஐயோ, அந்த வாசனை. இந்த ஊரில் ஒரு கடையிலாவது வாழைப்பூ போடுகிறானா பாருங்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

மூன்றாம் தெருவில் புஷ்பவல்லி மெஸ் என்று ஒன்று இருப்பதைப் பால்காரர் சொன்னார். வீட்டு முன்னறையில் நாலு மேசை. எவர்சில்வர் தட்டில் வாழை இலையை வெட்டிப் போட்டுப் பரிமாறுகிறார்கள். சமைப்பது, பரிமாறுவது, இலை எடுப்பது எல்லாம் புஷ்பவல்லி ஒருத்திதான். நாற்பத்தைந்து வயது இருக்கும். வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. குறை ஒன்றும் அகப்படவில்லை. தேடிப் பார்த்தேன்.

பிப்ரவரி 15, சனி

இன்று புஷ்பவல்லி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். “என்ன சார், தெனமும் சோத்தைக் கிளறிக் கிளறிப் பாக்குறீங்க? மோதிரம் கீதிரம் தொலைச்சுட்டீங்களா?”

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் என் உத்தியோகத்தைச் சொன்னேன். சோற்றைப் போட்டதும் விரலால் பரப்பிப் பார்க்காமல் எனக்கு வாய்க்குப் போகாது, கை அப்படிப் பழகிவிட்டது என்றேன்.

“வீட்லயும் இப்படித்தானா?”

“எங்கே இருந்தாலும் கை ஒண்ணுதானேம்மா.”

“அந்தம்மா பாவம்” என்று சொல்லிவிட்டு ரசம் எடுக்கப் போய்விட்டாள்.

என்ன பாவம்? இவளுக்கு என்ன தெரியும்? ஒரு நாளாவது அவளைக் கை நீட்டி அடித்திருக்கிறேனா? குடி உண்டா, சீட்டு உண்டா? சோற்றில் ஏதாவது கிடைத்தால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, “இந்தா, இங்க வந்து பாரு” என்று கூப்பிடுவேன். அவ்வளவுதான். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வருவாள். பார்ப்பாள். “இனிமே பாத்துப் போடுறேங்க” என்பாள். சில நாள் ஒரு உமியாக இருக்கும், சில நாள் கடுகளவு கல். தரம் என்றால் எல்லா இடத்திலும் தரம்தானே. ஓய்வு பெற்ற பிறகு மூன்று வேளையும் வீட்டில் சாப்பிட்டேன், அதனால் மூன்று வேளையும் கூப்பிட்டேன். இதில் என்ன தப்பு?

பிப்ரவரி 16, ஞாயிறு

போன் செய்தேன். குளிக்கிறாளாம்.

பேரனுக்குத் தொட்டில் போட்டபோது மண்டபத்துக்குப் போனேன். அங்கேயும் அவள் என் பக்கம் வரவில்லை. பந்தியில் அவள் பரிமாறிக்கொண்டு நின்ற இடத்துக்கு இரண்டு இலை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன், பாயசம் வேண்டுமா என்று கேட்கக்கூட ஆள் அனுப்பினாள். தஞ்சாவூர் என்ன சீமையா, ஒரு மணி நேர பஸ். வந்து கூப்பிடட்டும் என்று அவளும், வரட்டும் என்று நானும். ஐந்து மாதம் ஓடிவிட்டது. இந்த வீட்டில் தண்ணீர்ச் சொம்பு வைத்த இடத்திலேயே இருக்கிறது. நகர்த்த ஆளில்லை. சரி, எழுதியே விடுகிறேன், அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மத்தியானம் மெஸ்ஸில் என் எதிர் மேசையில் ஒரு வாலிபன். டை கட்டியிருந்தான், ஏதோ கம்பெனி வேலை போலிருக்கிறது. இரண்டாவது தடவை குழம்பு ஊற்றிப் பிசைந்தவன் சட்டென்று கையை உயர்த்தினான். விரலில் ஒரு முடி. நீளமான முடி.

“ஏய், இங்க வா! என்ன இது?”

புஷ்பவல்லி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“தெரியாம விழுந்துருச்சு தம்பி. வேற எலை போடுறேன்.”

“வேற எல போட்டா சரியாப் போச்சா? மனுசன் திங்கிறதா இது?”

சொல்லிக்கொண்டே தட்டை எடுத்து வீசினான். சுவரில் பட்டு, குழம்பும் சோறும் அவள் புடவையெல்லாம் தெறித்து, தட்டு கலகலவென்று உருண்டது. எல்லாரும் தலையைக் குனிந்து அவரவர் இலையைப் பார்த்தார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, எழுந்து நின்றுவிட்டேன்.

“தம்பி, அது என் முடி” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். என் தலையைப் பார்த்தான். என் தலை வழுக்கை விழுந்து இருபது வருடம் ஆகிறது. காதோரம் நாலு நரை முடி இருக்கிறது, அதுவும் அரை அங்குலம். “பெருசு, கண்ணாடி பாத்து எத்தன வருஷம் ஆச்சு?” என்றான். ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவனுக்கும் அதற்கு மேல் கத்த முடியவில்லை. கையைக்கூடக் கழுவாமல் போய்விட்டான்.

புஷ்பவல்லி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை ஓரமாகச் சாய்த்துச் சோற்றைக் கூட்டிக் கூட்டி அள்ளினாள். சுவரோரம் ஒட்டியிருந்த பருக்கையைக்கூட விரலால் எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் நிமிர்ந்து, “நீங்க உக்காந்து சாப்பிடுங்க சார், ஆறிப்போவுது” என்றாள்.

ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. கை கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

எழுதித்தான் ஆக வேண்டும். இளவரசியை வளைகாப்பு முடித்து இங்கேதான் கூட்டி வந்தோம். பிரசவம் இங்கேதான் என்று அறை எல்லாம் வெள்ளையடித்து வைத்திருந்தேன். ஒன்பதாவது நாள், மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார். நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். என் தட்டில் ஒரு முடி. மாப்பிள்ளை முன்னால் எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இந்தா, வந்து பாரு என்று கூப்பிட்டேன். அவள் வருவதற்கு நேரமாயிற்று, அடுப்பில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். தட்டைத் தூக்கி வீசினேன். வயிற்றுப் பிள்ளைக்காரி இளவரசி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்நாயகி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் கூட்டிக் கூட்டி அள்ளினாள். நான் அப்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மோர் கேட்டேன்.

மறுநாள் காலையில் பிள்ளைத்தாய்ச்சி மகளையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளையோடு காரில் ஏறிவிட்டாள். தாய் வீட்டில் நடக்க வேண்டிய பிரசவம் என்னால் தாய் வீட்டில் நடக்கவில்லை.

கரப்பான் காலைப் போட்டவனிடம் “அப்படியா, சரி” என்று சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

சாப்பிடப் போகவில்லை. இதை அவளுக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தஞ்சாவூர் போய் வந்தேன்.

காலையில் ஒன்றும் சாப்பிடத் தோன்றவில்லை. ஒரு சீப்பு பூவன் பழமும் இரண்டு முழம் கதம்பமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சொல்லிவிட்டுப் போனால் குளிக்கப் போய்விடுவாள் என்று சொல்லாமல் போனேன். பதினோரு மணி இருக்கும். கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு தையல்நாயகி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. தட்டைப் பார்க்காமலே பிட்டு, சட்னியில் தோய்த்து, வாயில் போட்டுக்கொண்டு எதற்கோ சிரித்தாள்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நான் எழுந்த பிறகு சமையலறைக்குள் எப்போதோ சாப்பிடுவாள், அவ்வளவுதான் தெரியும். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். முகம் தெளிந்திருக்கிறது. எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று நினைத்தேன். இதை எழுத எனக்கு என்ன கூச்சம், என் பெண்டாட்டிதானே.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். தட்டில் பாதி இட்லி இருந்தது. “நீ சாப்பிடு, சாப்பிடு” என்றேன். அவள் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து சுவரோரம் நின்றாள்.

பேரனை மடியில் வாங்கிக்கொண்டேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இளவரசியும் சுதாகரும் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு ஏதோ வேலை இருப்பதுபோல் மாடிக்குப் போனார்கள். நானே ஆரம்பித்தேன்.

“தப்புப் பண்ணிட்டேன் தையலு. வீட்டுக்கு வா. இனிமே தட்டுல என்ன கெடந்தாலும் பாக்க மாட்டேன். சத்தியமா.”

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். “நீங்க பாக்க மாட்டீங்க. நான் பாப்பேன்லங்க.”

“என்னத்த?”

“ஒவ்வொரு வேளையும் உங்களுக்குப் போடுறதுக்கு முன்னாடி, டியூப்லைட்டுக்கு அடியில தட்டைக் கொண்டுபோயி, கண்ணாடி போட்டுக்கிட்டுக் கிண்டிக் கிண்டிப் பாப்பேன். பாத்துட்டு வச்சாலும், நீங்க கூப்பிடுவீங்களோ கூப்பிடுவீங்களோன்னு காது அங்கயே கெடக்கும். நீங்க கை கழுவுற சத்தம் கேட்டாத்தான் எனக்கு மூச்சே வரும். இங்க வந்தும், சாப்பாட்டைக் கிண்டிப் பாக்காம மாப்பிள்ளைக்குப் போடப் பழகவே எனக்கு மூணு மாசம் ஆச்சு. அந்தப் பழக்கத்தை நான் மறுபடி எடுத்துக்க முடியாது.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உடம்புக்கு என்ன செய்கிறது என்று டாக்டரிடம் சொல்வதுபோல் சொன்னாள். பேரன் என் சட்டையில் எச்சில் வடித்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் இளவரசி இறங்கி வந்து, “அப்பா, மணி ஒண்ணாவப் போவுது, சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாள். தையல்நாயகி சமையலறைக்குப் போனாள். எனக்கு நல்ல பசி. வாழைப்பூப் பொரியல் வாசனை வேறு. ஐந்து மாதமாக எதற்காகத் தவித்தேனோ அது பத்தடி தூரத்தில் இருந்தது.

உள்ளே டியூப்லைட் போடும் சத்தம் கேட்டது. நல்ல வெயில் நேரம். எட்டிப் பார்த்தேன். விளக்குக்கு அடியில் நின்று, ஒரு கரண்டிச் சோற்றைத் தட்டில் பரப்பி, குனிந்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னுடைய வேலையை என்னைவிட நன்றாகச் செய்தாள்.

“எனக்கு வேண்டாம் இளவரசி. நான் சாப்பிட்டுத்தான் வந்தேன். வயிறு நெறைய இருக்கு” என்று சமையலறைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

கரண்டி பானைக்குள் விழுந்தது. விளக்கு அணைந்தது. அவள் வெளியே வந்து நிலைப்படியில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு நேரத்தில் அப்போதுதான் நேராகப் பார்த்தாள். பேரனைக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். கேட் வரைக்கும் கூட வந்தாள். கதம்பம் அவள் கையில் இருந்தது, தலையில் வைக்கவில்லை.

“பஸ் ஸ்டாண்டுல ஏதாச்சும் சாப்பிடுங்க” என்றாள்.

தெரிந்துவிட்டது அவளுக்கு. தலையாட்டினேன். கேட்டைச் சாத்தப் போனவள் கொஞ்சம் தயங்கினாள்.

“அடுத்த ஞாயித்துக்கெழம வேணா வாங்க. புள்ளையப் பாக்க.” பிறகு மெதுவாக, “சாப்பிட்டுட்டு வாங்க” என்றாள்.

விருந்தாளியைச் சாப்பிட வாங்க என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிட்டுவிட்டு வா என்று பகையாளியிடம்கூட யாரும் சொல்லமாட்டார்கள். கேட்டதும் முகத்தில் அறைந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் வாங்க என்று சொன்னாளே. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 26, புதன்

மெஸ்ஸில் கீரை. புஷ்பவல்லி, “ஊருக்குப் போனீங்களாமே, அம்மா எப்ப வாராங்க?” என்று கேட்டாள். “ஞாயித்துக்கெழம நான் போறேன்” என்றேன்.

மார்ச் 1, சனி

வேட்டி, சட்டை தேய்த்து வாங்கினேன். முகச்சவரம் செய்தேன். இன்னும் ஒரு நாள்.

மார்ச் 2, ஞாயிறு

ஐந்தரைக்கே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். கடை அப்போதுதான் திறந்தான், முதல் ஈடு எனக்கு. நாலு இட்லி, ஒரு வடை. சாம்பார் நேற்றைய சாம்பாராக இருக்கலாம், சுட வைத்திருந்தான். முழுக்கச் சாப்பிட்டேன். பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போனதும் வாசலில் நின்று, சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். ஊர் உலகத்தில் எல்லாரும் எல்லாரையும் கேட்பதுதான். கேட்பாள். போன வாரம் பொய் சொன்னேன், இந்த வாரம் நிஜமாகவே சொல்லலாம். சாப்பிட்டுட்டேன், தையலு. நீ உக்காந்து சாப்பிடு.